பிலிகிரி மலை நெல்லிக்காய்: மரத்தைக் கெடுத்தது எது?

காட்டில் தானாக வளர்ந்து நிற்கும் மரத்தின் காயைப் பறித்து, அதை வைத்து ஒரு சிறுதொழில் நடத்தி, மரமும் கெடாமல் ஊரும் பிழைக்க முடியுமா? இப்படிக் கேட்கிறவர்களில் பலர் ஒரு நல்ல பிராண்டு பெயர், ஒரு கண்ணாடி ஜாடி, அதன் மேல் ஒட்ட ஒரு பழங்குடிப் பெண்ணின் படம், இதோடு யோசனையை முடித்துவிடுகிறார்கள். காய் யாருடையது, யார் பறிக்கலாம், பறிக்காவிட்டால் மரத்துக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த ஓர் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பண்ணாரியில் இருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஆசனூரைத் தாண்டிச் சாமராஜநகர் பக்கம் இறங்கினால் பிலிகிரி ரங்கன் மலை. அங்கே வாழும் சோளகர் என்ற பழங்குடியினர் நெல்லிக்காயை வைத்துச் செய்த தொழிலை முப்பது வருஷமாக ஆராய்ச்சியாளர்கள் எண்ணி, அளந்து, எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் ஒரு காட்டுக்காயைப் பற்றி இவ்வளவு விலாவாரியாக எழுதப்பட்டது அரிது என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய் பறித்ததால் மரம் அழியவில்லை. பறிப்பதை நிறுத்திய பிறகும் மரம் பிழைத்துக்கொள்ளவில்லை. இந்த இரண்டு வரிக்குள் ஏகப்பட்ட சங்கதி இருக்கிறது.

இடமும் ஆட்களும்

பிலிகிரி ரங்கன் மலைக் காடு கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், சுமார் 540 சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கிற இடம் என்பதால் முள்புதர்க் காடும் உண்டு, இலையுதிர் காடும் உண்டு, உச்சியில் சோலையும் உண்டு. 1974இல் வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள், 1987இல் பரப்பைக் கூட்டினார்கள். இதற்குள்ளும் ஓரத்திலுமாகச் சுமார் 60 பொடுகளில் சோளகர்கள் வாழ்கிறார்கள். பொடு என்றால் அவர்களுடைய குடியிருப்பு. மலை உச்சிக் கோயிலில் இருக்கும் ரங்கநாதர் சோளகப் பெண் குசுமாலையைக் கட்டிக்கொண்டவர், ஆகவே அவர் எங்கள் மாப்பிள்ளை என்று சொல்லும் ஜனங்கள். காட்டோடு உறவுமுறை வைத்திருப்பவர்கள் என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சில்லை. நம் தாளவாடி, பர்கூர் பக்கமும் இருப்பது இதே சனம்தான். நடுவில் மாநில எல்லை போட்டது பிற்பாடு நடந்த காரியம்.

சரணாலயம் வந்ததும் வேட்டை நின்றது, காட்டை எரித்து ராகி விதைக்கும் மாற்றுச் சாகுபடி நின்றது. மிச்சம் இருந்தது காட்டில் கிடைப்பதைப் பொறுக்கி விற்பதுதான்: தேன், நெல்லிக்காய், சீயக்காய், கல்பாசி, பூந்திக்கொட்டை, கடுக்காய், மாகாளிக்கிழங்கு. 1990களில் நடந்த கணக்கெடுப்புகளில் சில பொடுகளில் பணவருமானத்தின் பாதியும், இன்னும் சிலவற்றில் 60 சதவீதம் வரையும் இதிலிருந்தே வந்திருக்கிறது. அதாவது, சரணாலயம் என்ற ஏற்பாடே அவர்களை இந்தத் தொழிலுக்குள் தள்ளியது. முப்பது வருஷம் கழித்து அதே ஏற்பாடு இந்தத் தொழிலையும் வேண்டாம் என்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காய் எப்படிப் போனது

ஆரம்பத்தில் கான்டிராக்டர்கள் காடு முழுவதையும் ஏலம் எடுத்து, சோளகர்களுக்குக் கூலி கொடுத்துப் பறிக்க வைத்தார்கள். பிறகு லேம்ப்ஸ் என்கிற பழங்குடியினர் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. நம் ஊர் மலைப்பகுதிகளிலும் இதே பெயரில் சங்கங்கள் உண்டு, ஆகவே இது பலருக்குத் தெரிந்திருக்கும். பிலிகிரி காட்டைச் சுற்றி மூன்று சங்கங்கள். வனத்துறையிடம் பணம் கட்டிச் சங்கம் உரிமை பெறும், உறுப்பினர்கள் பறித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று சங்கம் தரும். அந்தப் பணத்துக்குப் பெயர் விலை இல்லை, பறிகூலி. சங்கம் அப்புறம் டெண்டர் விட்டு வியாபாரியிடம் மொத்தமாக விற்கும். கான்டிராக்டர் போய்ச் சங்கம் வந்தது நல்லதுதான். ஆனால் பறிப்பவர் தன்னைக் காய்க்குச் சொந்தக்காரராக நினைக்க இதில் வழியே இல்லை.

நெல்லி விஷயத்தில் இது நேரடியாகக் கிளையில் தெரிந்தது. பிலிகிரியில் இரண்டு வகை நெல்லி இருக்கிறது. இலையுதிர் காட்டில் நாம் எல்லோரும் அறிந்த பில்லாந்தஸ் எம்ப்ளிகா, கீழே வறண்ட புதர்க்காட்டில் பில்லாந்தஸ் இந்தோஃபிஷெரி. இரண்டும் மழை ஓய்ந்த குளிர்காலத்தில் பறிப்புக்கு வரும், பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. சங்கம் தேதி சொல்லி, லாரி வந்து நிற்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டுக்குள் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒவ்வொரு கொப்பாக உருவிக்கொண்டிருந்தால் அடுத்தவர் அடுத்த மரத்தை முடித்துவிடுவார். அதனால் கிளையை வெட்டிக் கீழே தள்ளி, உட்கார்ந்து உருவுவது வேகமான வழி. அப்படி வெட்டிய மரம் அடுத்த ஆண்டு சரியாகக் காய்க்காது. இதைச் சோளகர்களின் பேராசை என்று எழுதினவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு இந்த மரம் உனக்குத்தான் என்று யாரும் உறுதி சொல்லாத இடத்தில் கிளை வெட்டுவதுதான் கணக்குக்குச் சரியாக வரும்.

தொழில் என்று ஒன்றைக் கட்டிய காலம்

1981இல் டாக்டர் எச். சுதர்சன் பிலிகிரி மலையில் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரா என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். மருத்துவம், பள்ளிக்கூடம் என்று போய்க்கொண்டிருந்த வேலை. 1994இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே 90களில் அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில் ஆசியா, பசிபிக் நாடுகளில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. காட்டுப்பொருளில் தொழில் செய்து லாபம் பார்த்தால் ஜனங்கள் அந்தக் காட்டைக் காப்பார்கள் என்பது அதன் கருத்து. பயோடைவர்சிட்டி கன்சர்வேஷன் நெட்வொர்க் என்று பெயர், மொத்தம் 39 இடங்கள். பிலிகிரி அதில் ஒன்று. கேந்திராவோடு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கமல் பாவா குழுவும் சேர்ந்தது. 1996இல் பாவா பெங்களூரில் தொடங்கிய ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனம் பிறகு அந்த வேலையைத் தொடர்ந்தது.

செய்தது என்ன? தேன் சுத்திகரிக்கும் யூனிட் ஒன்று, ஊறுகாய், ஜாம் போடும் யூனிட் ஒன்று, மூலிகை மருந்து யூனிட் ஒன்று. பச்சைக்காயாக டெண்டரில் போவதை ஜாடியில் போட்டு விற்றால், நடுவில் இருப்பவர்களுக்குப் போகிற காசு மலையிலேயே நிற்கும். கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

தேன் ஓடியது. நெல்லி தடுமாறியது. ஏன் என்று பார்த்தால் அது நெல்லியின் சுபாவத்திலேயே இருக்கிறது, இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். தேன் கெடாது, சுமை குறைவு, காசு அதிகம், வடிகட்டி ஈரப்பதம் குறைத்தால் பாதி வேலை முடிந்தது. நெல்லிக்காய் சதையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், நடுவில் கல் மாதிரிக் கொட்டை. ஆக, லாரி ஏற்றி இறக்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீரும் கொட்டையும். பறித்தால் ஒரு சில வாரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும், ஆனால் அந்த வாரங்கள் ஆண்டில் ஒரே ஒரு தடவைதான் வரும், மீதிக் காலம் அடுப்பும் ஆட்களும் சும்மா இருக்க வேண்டும் அல்லது வேறு பொருள் தேட வேண்டும். இரும்புப் பாத்திரம் பட்டால் துவர்ப்புச் சத்தினால் கறுத்துவிடும், ஆகவே எவர்சில்வர் சாமான்தான். ஊறுகாய், ஜாம் விற்க அந்தக் காலத்தில் 1955ஆம் ஆண்டின் பழப்பொருள் உத்தரவின் கீழ் லைசென்ஸ் வாங்க வேண்டும், கட்டடம் இப்படி இருக்க வேண்டும், தண்ணீர் இப்படி இருக்க வேண்டும் என்று விதிகள் நிறைய. மலை மேல் இருக்கும் ஒரு சின்ன யூனிட் இத்தனையையும் செய்துவிட்டு, மைசூரு பெங்களூரு மளிகைக்கடை அலமாரியில் பெரிய கம்பெனிகளின் ஊறுகாய் பாட்டிலோடு மோத வேண்டும்.

அதற்கும் மேலே ஒட்டு நெல்லி. உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து சக்கையா, கிருஷ்ணா, காஞ்சன், என்.ஏ.7 என்று ரகங்கள் நாடு முழுக்கப் பரவின. நம் வேளாண் பல்கலைக்கழகமே பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து பி.எஸ்.ஆர்.1 என்ற ரகத்தை விட்டது. பவானிசாகர் எங்கே இருக்கிறது, இதே சோளகர் மலைகளின் அடிவாரத்தில். தோட்டக்காய் பெரிசு, சதை அதிகம், நார் குறைவு, லாரியை மரத்தடிக்கே கொண்டுபோகலாம். காட்டுக்காய் சின்னது, துவர்ப்பு அதிகம், யானை நடமாடும் இடத்தில் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். சியவனப்பிராசமோ முடி எண்ணெயோ செய்யும் கம்பெனிக்கு இரண்டும் ஒன்றுதான், எது மலிவோ அது. நாட்டு மருந்துக் கடையில் நெல்லிமுள்ளி வாங்கும்போது அது காட்டுக்காயா தோட்டக்காயா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்டால்தானே காட்டுக்காய்க்குத் தனி விலை வரும்.

அதனால் கேந்திராவின் யூனிட்டுக்கு வந்த நெல்லி மொத்தப் பறிப்பில் சிறு பங்குதான். பெரும்பகுதி பழையபடி சங்கத்தின் டெண்டரிலேயே போனது. இது பிலிகிரியின் தனிக்குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 39 இடப் பரிசோதனையை முடித்து 2001இல் எழுதியபோது, கணக்குப் பார்த்த 37 தொழில்களில் லாபம் காட்டியவை 7தான். இன்னொன்றும் எழுதினார்கள்: தொழில் நன்றாக நடந்தால் காடும் நன்றாக இருக்கும் என்ற நேர்க்கோட்டு உறவை அவர்களால் பார்க்க முடியவில்லை. பணம் கொடுத்தவர்களே இதை ஒளிக்காமல் எழுதியது பெரிய விஷயம். லாபம் முக்கியம்தான், ஆனால் பணத்தோடு சேர்ந்து வந்த வேறு ஒன்று பிலிகிரியில் அதைவிடப் பலனுள்ளதாக ஆனது என்று நான் நினைக்கிறேன்.

எண்ணிப் பறித்தல்

அந்த வேறு ஒன்று, காய்ப்பைச் சேர்ந்து கணிக்கிற பழக்கம். பறிப்புக்கு முன்னால் பொடுக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும் காட்டில் நடந்து, எந்தப் பக்கம் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது, எங்கே மோசம், எங்கே இளஞ்செடி இருக்கிறது என்று பார்ப்பார்கள். பறிப்பு முடிந்த பிறகு கூடி உட்கார்ந்து, எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு விட்டோம், கிளை வெட்டினது யார் என்று பேசுவார்கள். ஏட்ரீயின் சித்தப்ப செட்டி முதலானோர் 2008இல் இந்த முறையையே ஒரு ஆய்வாக எடுத்து எழுதினார்கள். சோளகர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பீடும், விஞ்ஞானிகள் மாதிரி மரங்களை எண்ணிப் போட்ட மதிப்பீடும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. எடுத்தது மொத்தக் காயில் ஒரு பங்குதான், மரத்தில் மிச்சம் நிறையவே இருந்தது.

மிச்சம் இருப்பது சும்மா கருணைக்காக இல்லை. நெல்லிக்காயை மான்கள் விரும்பித் தின்னும். முதுமலையில் செய்த ஆய்வில் புள்ளிமான், கேளையாடு, சருகுமான் மூன்றும் காயை விழுங்கி, அசைபோடும்போது கொட்டையை வெளியே துப்புவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படித் துப்பின இடத்தில்தான் அடுத்த நெல்லி முளைக்கும். ஆகவே மானுக்கு என்று விடும் காய், விதைநெல் எடுத்துவைப்பது போல. மனுஷன் எல்லாவற்றையும் வழித்து எடுத்தால் பாதிப்பு அந்த ஆண்டு தெரியாது, மரத்துக்கு வயசாகி விழும்போதுதான் கீழே கன்று இல்லை என்று தெரியும்.

பங்கு பிரிப்பது, கிளை வெட்டாமல் பறிப்பது, விட்டுவைப்பது எல்லாம் இப்படி மெல்ல மெல்ல ஒரு ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் தொழிலே நின்றது.

நிறுத்தினார்கள்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2002இல் திருத்தினார்கள், அது 2003இல் நடைமுறைக்கு வந்தது. 29ஆவது பிரிவின்படி சரணாலயத்துக்குள் இருந்து எடுக்கும் வனப்பொருளைச் சுற்றிலும் வாழும் ஜனங்கள் சொந்த உபயோகத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. பிலிகிரியில் இது சில ஆண்டுகள் இழுபறியாகப் போய், 2006 வாக்கில் பறிப்பு முழுவதுமாக நின்றது. வருமானத்தில் பாதியைத் தந்துகொண்டிருந்த வேலை போனதும் ஆட்கள் காப்பித் தோட்டங்களுக்குத் தினக்கூலிக்குப் போனார்கள், மலையை விட்டு வெளியேயும் போனார்கள். சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு நெல்லிக்காய் தின்ன முடியும், நீங்களே சொல்லுங்கள்.

தடை போட்டவர்களின் கவலையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். வேறு காடுகளில் வனப்பொருள் ஏலம் என்ற பெயரில் நடந்த சூறையை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பிலிகிரியில் பத்து வருஷத்துக் கணக்கு மேஜை மேல் இருந்தது, எண்ணிப் பறிக்கும் முறை நடந்துகொண்டிருந்தது. அதைப் படித்துப் பார்த்து இந்த இடத்துக்கு விதிவிலக்கு தரச் சட்டத்தில் இடம் வைக்கவில்லை.

மரத்துக்கு என்ன ஆயிற்று

பறிப்பை நிறுத்தினால் நெல்லி பெருக வேண்டும். பெருகவில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் தமாரா டிக்டினும் ஏட்ரீ ஆய்வாளர்களும் பத்தாண்டு அளவுக்குச் சேர்த்த விவரங்களை வைத்து 2012இல் எழுதிய கட்டுரையில் இரண்டு வகை நெல்லியும் குறைந்துகொண்டே வருவதைக் காட்டினார்கள். அந்தச் சரிவில் காய் பறிப்பின் பங்கு அற்பம், பெரிய காரணங்கள் புல்லுருவியும் உண்ணிச்செடியும். பறிப்பைத் தடை செய்வதால் மட்டும் இந்த மரங்களைக் காப்பாற்ற முடியாது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள்.

உண்ணிச்செடியை நமக்குத் தெரியும், சத்தியமங்கலம், முதுமலை எங்கும் சாலையோரம் பூத்துக் குலுங்குவது அதுதான். பிலிகிரியில் 1997இல் அளந்த இடங்களில் 41 சதவீதத்தில் இருந்தது, 2008இல் 81 சதவீதத்தில் இருந்தது. பதினொரு வருஷத்தில் இரட்டிப்பு. ஆள் உயரத்துக்குப் புதராக மூடிக்கொண்டால் கீழே நெல்லிக் கன்றுக்கு வெயில் கிடைக்காது, காய் பொறுக்க ஆள் நுழைய முடியாது, உள்ளே யானை நிற்கிறதா கரடி படுத்திருக்கிறதா என்று தெரியாது. பக்கத்து மாதேஸ்வரன் மலையில் ஏட்ரீ இதே உண்ணிக் குச்சியை வேகவைத்து, தோலுரித்து, நாற்காலி மேஜை செய்யக் கற்றுக்கொடுத்தது. அது நல்ல வேலைதான், ஆனால் காட்டை மூடியிருக்கும் அளவோடு பார்த்தால் நாற்காலிகள் தின்றது கொஞ்சம்.

புல்லுருவி கதை இன்னும் சுவாரசியம். டாக்சில்லஸ் டொமென்டோசஸ் என்பது அதன் பெயர், சோளகர்கள் உப்பிலு என்கிறார்கள். பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்று பிசுபிசுப்பான விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும், அங்கேயே முளைத்து, நெல்லியின் சாற்றை உறிஞ்சும். உப்பிலு ஏறிய கிளையில் காய் குறையும், ஏறிக்கொண்டே போனால் மரமே பட்டுப்போகும்.

இது ஏன் கூடியது என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டபோது சோளகர்கள் சொன்ன பதில்: தீ வைப்பதை நிறுத்தினீர்கள், அதனால். முன்னெல்லாம் ஆண்டுத் தொடக்கத்தில், சருகு முழுசாகக் காயும் முன்பே, தரகு பெங்கி என்று சின்னத் தீ வைப்பார்கள். தரையோடு ஓடி அணைந்துவிடும். அந்த வெக்கையில் உப்பிலு கருகும், உண்ணிக் கன்று கருகும், புல் புதிசாகத் துளிர்க்கும். சரணாலயம் வந்ததும் தீ குற்றமாயிற்று. இப்போது தீ வந்தால் அது கோடை உச்சத்தில், உண்ணிப் புதரையே விறகாக வைத்துக்கொண்டு, மர உச்சி வரை ஏறுகிற தீ. லூசி ரிஸ்ட் முதலானோர் 2010இல் இந்த அறிவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். எல்லாத் தாவரவியல்காரர்களும் இதை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை, தீ நெல்லி நாற்றையும் சேர்த்துத்தான் கொல்லும் என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷத் தீத்தடுப்புக்குப் பிறகு காடு உண்ணியாகவும் உப்பிலாகவும் நிற்கும்போது, சோளகர் பேச்சை ஒரு சின்னத் துண்டுக் காட்டிலாவது வைத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்பது எனக்குப் புரியவில்லை.

இதில் பலர் தவறவிடும் ஒரு சங்கதி உண்டு. காய் பறிக்க மரம் ஏறுகிறவர் உப்பிலு ஏறிய கிளையைப் பார்த்தால் வெட்டிப்போட்டுவிட்டு வருவார். அவருக்கு அது தனி வேலை இல்லை, ஏறின இடத்தில் அரிவாள் கையில் இருக்கிறது. கிளை வெட்டுவது மரத்துக்குக் கேடு என்று நாம் மேலே பார்த்தோம் இல்லையா, அதே வெட்டு உப்பிலுக் கிளையில் விழுந்தால் மரத்துக்கு வைத்தியம். பறிப்பை நிறுத்தியபோது மரம் ஏறும் ஆளும் நின்றுபோனார். ஆயிரக்கணக்கான மரங்களில் கூலி இல்லாமல் நடந்துகொண்டிருந்த பராமரிப்பு அதோடு போனது. அந்த வேலையைச் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டுமானால் எந்தத் துறையிடம் அத்தனை ஆள் இருக்கிறது?

உரிமை திரும்பிய பிறகு

2006 வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலுக்குப் பழங்குடியினரே சொந்தக்காரர் என்றது, விற்கும் உரிமையையும் சேர்த்து. ஆனால் பிலிகிரியில் அது காகிதத்தில் இருந்து இறங்கி வர நேரம் பிடித்தது. 2011 ஜனவரியில் காட்டைப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள், சோளகர்கள் எதிர்த்தார்கள், அதே 2011இல் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமைப் பட்டா கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. போராடி வாங்கியது, பெரிய வெற்றி, சந்தேகமில்லை.

ஆனால் தொழிலாகப் பார்த்தால், உரிமை வந்தபோது கையில் இருந்த சரக்கு பழைய சரக்கு இல்லை. நடுவில் போன ஆண்டுகளில் உண்ணி மூடியிருந்தது, உப்பிலு ஏறியிருந்தது, பறிக்கப் போன இளவட்டங்கள் தோட்ட வேலைக்குப் பழகியிருந்தார்கள். வாங்கும் வியாபாரி ஒட்டு நெல்லிக்குப் போயிருந்தார். ஒரு சிறுதொழிலை ஐந்தாறு ஆண்டு மூடி வைத்துவிட்டு, சாவியைத் திரும்பக் கொடுத்து, நேற்று விட்ட இடத்தில் இருந்து தொடங்கு என்றால் எந்த ஊரில் முடியும்? பிறகு பலர் தங்கள் பட்டா நிலத்தில் மர நிழலில் காப்பி வளர்த்து அதை நல்ல விலைக்கு விற்கும் பக்கம் கவனத்தைத் திருப்பினார்கள். இது சோர்ந்துபோய் எடுத்த முடிவு என்று நான் சொல்ல மாட்டேன், சரியான வியாபார முடிவு. காப்பிச்செடி தன் நிலத்தில் நிற்கிறது, யாரும் வந்து நாளை முதல் பறிக்காதே என்று சொல்ல முடியாது.

நீலகிரிப் பக்கம்

1993இல் தொடங்கி, கோத்தகிரியில் இருந்து இயங்கும் கீஸ்டோன் பவுண்டேஷன் இதே தேன், நெல்லி, சீயக்காய் வேலையைச் செய்து வந்து, 2013இல் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் கம்பெனி என்று தனியாகப் பதிவு செய்ய வைத்தது. பங்குதாரர்கள் பழங்குடியினர், நடத்துவதும் அவர்கள், சுமார் 1,700 உறுப்பினர்கள். 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. பிலிகிரியோடு ஒப்பிட்டால் எனக்குப் படும் முக்கிய வித்தியாசம், அவர்கள் நெல்லியை மட்டும் நம்பவில்லை. தேன், மிளகு, காப்பி, சிறுதானியம், மெழுகு, சோப்பு என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று ஓடும், நெல்லி அதில் இரண்டு மாதச் சரக்கு. சத்தியமங்கலம் பக்கத்துக் காட்டில் ஒரு ஆண்டு காய்ப்பு பொய்த்தாலும் கம்பெனி படுக்காது. இது அவர்களின் சாமர்த்தியம் மட்டுமில்லை, பிலிகிரி மாதிரி இடங்கள் பட்ட அடியைப் பார்த்துக் கற்றதும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, நீங்கள் கொல்லிமலையிலோ கல்வராயனிலோ ஜவ்வாது மலையிலோ நெல்லி, கடுக்காய், நாவல் என்று ஏதாவது தொடங்கப் போகிறீர்கள் என்றால்? லேபிள் டிசைன் கடைசியில் பார்க்கலாம். மரம் நிற்பது காப்புக்காடா சரணாலயமா வருவாய் நிலமா என்று முதலில் பாருங்கள், சரணாலயம் என்றால் கிராம சபைக்குச் சமூக வன உரிமை வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாமல் முதலீடு போட்டால் பிலிகிரிக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். அப்புறம், பறிக்கும் ஆட்களோடு ஒரு பருவம் காட்டில் நடந்து, எவ்வளவு காய்க்கிறது, எவ்வளவு மானுக்கும் குரங்குக்கும் போகிறது, மரத்தடியில் கன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். வாங்குகிறவரின் ஆர்டரை வைத்துக் காட்டை அளக்கக் கூடாது. பச்சைக்காயைத் தூக்கிக்கொண்டு அலையாமல், பொடுவிலேயே வேகவைத்துக் கொட்டை நீக்கி நெல்லிமுள்ளியாகக் காயவைத்தால் சுமையும் குறையும், மாதக்கணக்கில் கிடக்கும், அவசர விற்பனைக்கு வியாபாரி காலில் விழ வேண்டாம்.

விலை போடும்போதும் ஒன்று. பறிகூலி, போக்குவரத்து, பேக்கிங் என்று கணக்குப் போடுகிறோம், உப்பிலு வெட்டுவதற்கும் மரத்தைச் சுற்றி உண்ணி பிடுங்குவதற்கும் யாரும் காசு போடுவதில்லை. மரம் ஏறுகிறவர் சும்மா செய்துவிடுவார் என்ற நினைப்பு. அவர் ஏறிய காலத்தில் அது நடந்ததுதான், ஆனால் உண்ணி இந்த அளவுக்கு மூடின பிறகு அது சும்மா நடக்கிற வேலை இல்லை. கிலோவுக்கு இத்தனை ரூபாய் மரச் சுத்தத்துக்கு என்று தனியாக எடுத்து, பறிப்புக்கு முன்னால் கிராம சபை கையில் கொடுத்துவிட வேண்டும். பாட்டில் விலை நாலு ரூபாய் கூடினால் கூடட்டும், காட்டு நெல்லி என்று கேட்டு வாங்குகிறவர் அதற்காகத்தான் வாங்குகிறார்.